மேற்கே போகும் படகாகப் பார்

தூத்துக்குடி

அன்புள்ள கயலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆதி போனைப் பிடுங்கிக்கொண்டு, இகுவானா கடிக்குமா என்று ஆரம்பித்துவிட்டான். கடிக்காது, அது கடல்பாசி தின்கிற பல்லி இனம் என்று சொல். மற்றதைப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டது இரண்டு கேள்வி. வருகிற ஜூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலாபகஸ் போகலாமா? போனால், அங்கே சாண்டா க்ரூஸ் தீவில் ஒரு ஹோட்டலில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் படகில் போய்வந்தால் போதாதா, பாதிச் செலவு மிச்சமாகுமே? முதல் கேள்விக்கு, தாராளமாகப் போங்கள். இரண்டாவதற்கு, போதாது. படகிலேயே தங்குகிற பயணமாகப் பார். பெரிய கப்பல் வேண்டாம், பதினாறு பேர் போகிற சின்னப் படகு போதும். அதிலும் மேற்குத் தீவுகளைச் சுற்றுகிற படகாகப் பார். கல்யாணம், வேலை, வீடு எல்லாவற்றிலும் உன் இஷ்டப்படி விட்டேன். நானும் அம்மாவும் தம்பியும் அங்கே போய்வந்தவர்கள், இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள்.

ஏன் மேற்கு என்று கேட்பாய். எக்வடார் கரையிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகையின் மேலேயே கிடக்கும் தீவுகள் இவை. அத்தனையும் கடலடி எரிமலைகள் கக்கிக் கக்கி எழுந்தவை. பூமிக்குள் கொதிக்கிற இடம் அப்படியே நிற்கிறது. அதன் மேலே கிடக்கும் கடல்தளம்தான் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் கிழக்குப் பக்கமாக நகர்கிறது. அதனால் தீவுகள் மேற்கே பிறக்கின்றன, கிழக்கே நகர நகர வயதாகித் தேய்ந்து, கடைசியில் கடலுக்குள் அமிழ்ந்துபோகின்றன. தென்கிழக்கே இருக்கிற எஸ்பனோலா முப்பது லட்சம் ஆண்டுக்கு முந்தையது. மேற்குக் கோடியில் இருக்கிற ஃபெர்னான்டினாவுக்குப் பத்து லட்சம்கூட ஆகவில்லை. 2018-இல் அங்கே எரிமலைக் குழம்பு வழிந்தது, 2024 மார்ச்சில் மறுபடியும். ஒரு நிலம் உண்டாகிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் காலை வைக்கலாம் என்றால் அது ஃபெர்னான்டினாதான். ஊரில் தங்கினால் கிடைக்கும் பகல் படகுகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை.

அங்கே ஆள் இறங்குகிற இடம் புன்டா எஸ்பினோசா என்ற முனை. பங்கா என்று அவர்கள் சொல்கிற ரப்பர் படகில் கூட்டிப்போய்ப் பாறையில் இறக்கிவிடுவார்கள். கறுத்த லாவாப் பாறைதான் தரை. ஆங்காங்கே வெடிப்பிலிருந்து ஒரு குட்டைக் கள்ளி எட்டிப் பார்க்கும், கரையோர அலையாத்தியைத் தவிர மரம் மட்டை எதுவும் கிடையாது. தரை ஏன் இவ்வளவு மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று நான் உற்றுப் பார்த்தேன். அது தரை இல்லை, இகுவானாக்கள். நூற்றுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காய்கின்றன. அவ்வப்போது ஒன்று மூக்கு வழியாக ‘புஸ்’ஸென்று உப்புத் தண்ணீரைப் பீய்ச்சும். கடலில் முங்கிப் பாசி மேய்கிறபோது உடம்பில் சேர்கிற உப்பை வெளியேற்ற அதற்கு அப்படி ஒரு சுரப்பி. நாற்றமும் உண்டு, அதை எந்த வீடியோவும் காட்டாது. உலகத்தில் கடலுக்குள் போய் இரை தேடும் பல்லி இனம் இது ஒன்றுதான். எல் நினோ வந்து கடல் சூடாகிப் பாசி அழிந்தால் இவற்றின் உடம்பு நீளமே குறைந்துவிடுகிறது, ஐந்தில் ஒரு பங்குவரை. மெலிவது இல்லை, நீளமே குறைகிறது. பாசி திரும்ப வந்ததும் மறுபடி வளர்ந்துகொள்கிறது. இதை வழிகாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. தம்பி அப்புறம் தேடிப் பார்த்து, அளந்து எழுதியே வைத்திருக்கிறார்கள் என்றான்.

டார்வின் 1835-இல் அங்கே போனபோது அவருக்கு வயது 26. ஒரு இகுவானாவைத் தூக்கிக் கடல்குட்டையில் எறிந்திருக்கிறார். அது நேரே அவர் நிற்கிற இடத்துக்கே நீந்தி வந்திருக்கிறது. மறுபடி எறிந்திருக்கிறார், மறுபடி வந்திருக்கிறது. தண்ணீரில் சுறா இருக்கும், கரையில் பயப்பட ஒன்றுமே இல்லை, அதனால்தான் கரைக்கே ஓடி வருகிறது என்று அவர் யோசித்து எழுதினார். இன்றைக்கு அந்த வேலையைச் செய்தால் மனிதரைத் தேசியப் பூங்காவை விட்டே விரட்டிவிடுவார்கள். ஆதியிடம் இந்தக் கதையைச் சொல், ஆனால் பூங்கா விதியையும் சேர்த்துச் சொல்!

அந்த முனையிலேயே பறக்காத நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. நம் ஊர் உப்பளப் பக்கம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்குமே, அதே சாதிப் பறவைதான். ஆனால் இதற்குச் சிறகு பிய்ந்துபோன துண்டு அளவுதான் இருக்கிறது. துரத்த விலங்கில்லை, தேடிப் போக வேண்டாதபடி கரையோரத்திலேயே மீன், அதனால் பறப்பதையே விட்டுவிட்டது. விட்ட பிறகும் முங்கி எழுந்ததும் அந்தத் துண்டுச் சிறகை விரித்துக் காயவைக்கிறது பார், பழக்கம் போகவில்லை. ஆண் பறவை கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் வாயில் ஒரு கொத்துப் பாசியைக் கொண்டுவந்து பெண்ணிடம் கொடுக்கிறது, பெண் வாங்கிக் கூட்டில் செருகிக்கொள்கிறது. உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும், இரை நிறைய இருந்தால் பெண் பறவை குஞ்சை அப்பனிடம் விட்டுவிட்டு வேறு துணையோடு போய்விடும் என்று வழிகாட்டி அடுத்து சொன்னாள். இப்போது நான் அம்மாவைப் பார்த்தேன்.

இந்தப் பறவை இசபெலாவிலும் ஃபெர்னான்டினாவிலும் மட்டுமே உண்டு. பென்குயின்களிலும் பெரும்பகுதி இந்த இரண்டு தீவுகளில்தான். பூமத்திய ரேகையில் பென்குயினா என்று மாப்பிள்ளை சிரிப்பார். காரணம் கடல். பசிபிக்கின் ஆழத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குளிர்ந்த நீரோட்டம் வருகிறது, குரோம்வெல் நீரோட்டம் என்று பெயர். அது இந்த இரண்டு தீவுகளிலும் வந்து முட்டி மேலே எழும்புகிறது. கூடவே உரமும் எழும்புவதால் பாசி, பாசியால் மீன், மீனால் பென்குயின், நீர்க்காகம், திமிங்கிலம் எல்லாமே. துறைமுகத்தில் வேலை பார்த்த எனக்கு நீரோட்டம் என்றால் கப்பலை இழுக்கிற தொல்லையாகத்தான் தெரியும். இங்கே அதுதான் சோறு போடுகிறது.

ஆனால் அந்தக் குளிர் உங்களையும் விடாது. இங்கே நமக்குக் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அங்கே தென்கிழக்குக் காற்று, வானம் மூடி மூடித் தூறும். கடலும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். ஜனவரியிலிருந்து மே வரை போனால் வெதுவெதுப்பு, அமைதியான கடல், ஆனால் மெல்போர்னில் உங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையில்தானே. போகட்டும், மீன் நிறைய இருக்கிற காலமும் அதுதான். வெட்சூட் என்கிற குளிர் தாங்கும் நீச்சல் உடை இல்லாமல் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதே. இசபெலாவின் புன்டா விசென்டே ரோகாவில் நான் ஸ்நார்கெல் என்கிற மூச்சுக்குழாய் போட்டுக் கொஞ்ச நேரம் மிதந்தேன். பாறையில் பாசி மேய்ந்துகொண்டிருந்த ஆமை ஒன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பென்குயின் குண்டு மாதிரிப் பாய்ந்து போனது. பல் தந்தியடித்ததால் சீக்கிரமே ஏறிவிட்டேன்.

இசபெலாவில் உர்பினா குடா என்று ஒரு இடம். 1954-இல் கடலடி திடீரென்று நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. உள்ளே எரிமலைக் குழம்பு தள்ளியதில் தரை எழுந்துவிட்டது. மீன்கள் எங்கே போவதென்று தெரியாமல் கரையிலேயே செத்தன. இப்போது புதருக்கு நடுவே பவளப்பாறைகள் நிற்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் ஊரில் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டுவந்து சுண்ணாம்புக்குச் சுட்டதைப் பார்த்தவன். கரையில் பவளம் கிடப்பது எனக்குப் புதிது இல்லை. ஆனால் கடல் தானே விலகி, பவளத்தை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுப் போனதை அங்கேதான் பார்த்தேன். மற்றவர்கள் நில இகுவானா தேடி முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை நான் அந்தப் பவளத்தடியிலேயே நின்றேன்.

ஆடு கதையையும் சொல்லிவிடுகிறேன், நிலா ஆட்டுக்குட்டி என்றால் உயிரை விடுவாள், அவளிடம் பக்குவமாகச் சொல். பழைய காலத்தில் மாலுமிகள் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பெருகி, வடக்கு இசபெலாவில் ராட்சத ஆமைகளுக்கு ஒரு புல்கூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டன. 1997-இல் தொடங்கி 2006 வரை, இசபெலாவிலும் சான்டியாகோ தீவிலுமாக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆடுகளைச் சுட்டு ஒழித்தார்கள், ஹெலிகாப்டரிலிருந்துகூட. ஒளிந்திருந்த கடைசி ஆடுகளைப் பிடிக்க, கழுத்தில் ரேடியோ கட்டிய ஆட்டை அவிழ்த்துவிடுவார்களாம். அது தன் கூட்டத்தைத் தேடிப் போகும், இவர்கள் பின்னாலேயே போவார்கள். அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சரி என்று சொல்லிவிட்டு உடனே மறந்துவிடக்கூடிய விஷயமும் இல்லை.

பூங்கா விதிகள் கடுமை. பாதையை விட்டு ஒரு அடி விலகக் கூடாது, விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பிளாஷ் கூடாது, கரையில் தின்பண்டம் கூடாது, இருட்டுமுன் படகுக்குத் திரும்ப வேண்டும். பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. விலங்குகள் நம்மைக் கண்டு ஓடாததற்கு அவற்றின் குணம் பாதிக் காரணம், மீதிப் பாதி இந்த விதிகள். 2023-இல் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்துபோயிருக்கிறார்கள். தங்கும் படகுகளில் எத்தனை படுக்கை என்பதற்கு வரம்பு இருக்கிறது. கூட்டம் ஏறிக்கொண்டே போவது ஊரில் தங்குகிறவர்களால்தான். ஹோட்டலில் தங்கினால் இயற்கைக்குப் பாரம் குறைவு என்று நீ சொன்னாயே, அதை இன்னொரு முறை யோசித்துப் பார்.

இனி நடைமுறை. ஒரு படகு ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் இரண்டாம் தடவை போகக் கூடாது என்பது விதி. அதனால் ஒரே படகு ஒரு வாரம் மேற்கே போகும், அடுத்த வாரம் கிழக்கே போகும். படகின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதே. உன் தேதியில் அது ஃபெர்னான்டினா போகிறதா என்று பார்த்துக் கட்டு. அறை கேட்கும்போது கீழ்த்தளத்தில், நடுப்பாகத்தில் கேள். மேல்தளம் அழகாக இருக்கும், விலையும் அதிகம், ஆனால் ஆட்டம் முழுவதும் அங்கேதான். ராத்திரியில்தான் தீவு விட்டுத் தீவு ஓட்டுவார்கள், இசபெலாவின் வடகோடியைச் சுற்றும்போது நன்றாகவே தூக்கிப் போடும். வாந்தி மாத்திரையைப் புறப்பட்ட பிறகு தேடாமல், ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடு. சின்னப் பிள்ளைகளைச் சில படகுகளில் ஏற்றுவதில்லை, நிலாவின் வயதை முதலிலேயே சொல்லிவிடு. பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 200 டாலர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 100.

அந்த வடகோடியில் பூமத்திய ரேகையைத் தாண்டுவார்கள். எங்கள் கேப்டன் எல்லோரையும் வீல்ஹவுஸுக்கு, அதாவது படகு ஓட்டுகிற அறைக்குக் கூப்பிட்டு, ஜிபிஎஸ்ஸில் எண் பூஜ்யமாகி மறுபக்கம் திரும்புவதைக் காட்டினார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் அவரிடம் நங்கூரம், எஞ்சின் என்று பேசத் தொடங்கி, தம்பி வந்து இழுத்துப்போகும்வரை பேசினேன். எனக்கு ஸ்பானிஷ் வராது, அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆதியைக் கட்டாயம் அங்கே நிற்கவை.

இரண்டு பிள்ளைகளையும் இப்போதே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடு. தேதி முடிவானதும் எனக்கு அனுப்பு, வழித்தடத்தை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

கயல், அம்மா எழுதுகிறேன். அப்பா குளிரைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். நிலாவுக்குக் காது மூடுகிற குல்லாய் எடுத்துக்கொள். பெட்டியில் மல்லி, வெந்தயம், சீரகம் எதுவும் வைக்காதே, விதை என்றால் விமான நிலையத்திலேயே நிறுத்துகிறார்கள். நான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே கொய்யாமரம்கூடக் களையாம், காடு முழுக்கப் பரவி மற்றச் செடியை வளரவிடாமல் செய்கிறதாம். சாப்பாடு பரவாயில்லை, சோறும் பயறும் கொடுத்தார்கள். அப்புறம், ஃப்ளோரியானா என்ற தீவில் திமிங்கில வேட்டைக்காரர்கள் காலத்திலிருந்து ஒரு தபால் பீப்பாய் இருக்கிறது. தபால்தலை ஒட்டாமல் போட்டுவிட வேண்டும், அந்த ஊர்ப் பக்கம் போகிறவர் யாராவது எடுத்துப்போய் நேரில் கொடுப்பார்கள். உன் மெல்போர்ன் விலாசம் எழுதி ஒன்று போட்டிருக்கிறேன். யாராவது வந்து கதவைத் தட்டினால், விற்பனைக்காரர் என்று நினைத்து அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடு.