'இலவசம்' என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் கால்பந்து ஆட்டக்காரர்களை ஐரோப்பிய அணிகள் சேர்த்துக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு பட்டியல். அதில் விலை போட வேண்டிய இடத்தில் 'இலவசம்' என்று அச்சாகியிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தங்கச்சிமடத்து டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. மூட்டிவிட்டது நீங்கள் என்பதால் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் ரசிகர்களின் பாடு தனி. விசைப்படகுகள் இங்கே திங்கள், புதன், சனிக்கிழமைகளில்தான் கடலுக்குப் போகும். இங்கிலாந்து லீக்கோ சனிக்கிழமை என்றால் வரிசையாக ஆட்டம் வைத்திருக்கும். ஞாயிறு காலையில் கரையேறி, ஐஸ் பெட்டியை இறக்குவதற்கு முன்னாலேயே "ஸ்கோர் என்னண்ணே?" என்பான்கள். நான் கடலுக்குப் போகிறவன் இல்லை, இரண்டு படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆட்டம் பார்த்து வைத்துச் சொல்லும் வேலையும் என் தலையில்தான்.

2020 செப்டம்பர் 12 அப்படி ஒரு சனிக்கிழமை. ஒப்பந்தம் முடிந்து செல்சி அணியை விட்டு வந்த பிரேசில்காரர் வில்லியன் ஆர்சனல் அணியின் சட்டையில் ஆடிய முதல் ஆட்டம். ஃபுல்ஹாமை 3-0 என்று அடித்தார்கள், கோல்களில் அவர் பங்கும் இருந்தது. மறுநாள் காலை நான் சொன்னதும் ஆர்சனல் பையன்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. "காசே குடுக்காம தூக்கிட்டோம் மச்சான்!" என்று ஒரே கூத்து. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் "வில்லியன் போட்டாரா?" என்று கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர் கோல் போட அடுத்த மே மாதம் ஆனது. வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஒரு ஃப்ரீ கிக். ஆர்சனலுக்காக அவர் போட்ட ஒரே கோல் அது.

இதில் கணக்குப்பிள்ளையின் கண்ணில் படுவது வேறு. செல்சி இரண்டு வருடம் தருகிறேன் என்றது, அவர் மூன்று கேட்டார், ஆர்சனல் மூன்று கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 32. ஒரே வருடத்தில் இரண்டு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அவர் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணிக்குப் போய்விட்டார். வராத பந்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் அவர் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அந்த மட்டில் மரியாதைதான்.

இந்த 'இலவசம்' எப்படிச் செலவாகிறது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படகில் ஏறும் ஆள் சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், முன்பணம் வாங்கியிருப்பான். பாக்கி தீராமல் வேறு படகுக்குப் போக முடியாது. கூப்பிடுகிற சம்மாட்டி அந்தப் பாக்கியைக் கட்டி அவனை அழைத்துக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்ஃபர் கட்டணம் என்றால் என்ன என்று கேட்ட பையனுக்கு இதைத்தான் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டான். ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் ஆள் வாங்கிய பணத்துக்காகக் கட்டுப்பட்டவன். பெல்ஜியத்தில் போஸ்மேன் என்ற ஆட்டக்காரருக்கு 1990-இல் லியேஜ் அணியுடன் ஒப்பந்தமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் விலை கொடுத்தால்தான் பிரான்ஸின் டன்கிர்க் அணிக்கு விடுவோம் என்றார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15 அன்று அவர் பக்கம் தீர்ப்பானது. ஒப்பந்தம் முடிந்தால் ஆள் அவன் இஷ்டம்போல் போகலாம் என்பது அதிலிருந்து வந்ததுதான்.

சரி, பாக்கி இல்லாத நல்ல படகு டிரைவர் ஒருவன் கரையில் நிற்கிறான் என்று வையுங்கள். மலிவாகவா வருவான்? பாக்கி கட்டும் செலவு உனக்கு மிச்சம்தானே, அதை என் கையில் கொடு என்பான். கேட்பது நியாயம்தான். அங்கேயும் அதே கதை. விற்கிற அணிக்குப் போக வேண்டிய பணம் சம்பளமாகவும், கையெழுத்துப் பணமாகவும், ஏஜென்ட் கமிஷனாகவும் பிரிந்து போகிறது.

பிரான்ஸ் ஆட்டக்காரர் போக்பாவைப் பாருங்கள். 2012-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு இத்தாலியின் யுவென்டஸ் அணிக்குப் போனார். அவரையே 2016-இல் 89 மில்லியன் பவுண்டு கொட்டித் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் யுவென்டஸ், இந்த முறை நாலு வருடத்துக்கு. சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் போயிற்று. முதல் நிமிடத்திலிருந்து ஆட இறங்கியது 2023 மே மாதம், கிரெமோனீஸுக்கு எதிராக. அது எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். நள்ளிரவு தாண்டியும் முழித்திருந்து பார்த்தோம். 24-ஆவது நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு, சட்டையால் முகத்தை மூடி அழுதபடி வெளியே போனார். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணும் எங்கள் பையன்கள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ஊக்கமருந்து விவகாரமும் வந்து, ஒப்பந்தமே முறிந்தது.

உடனே டீக்கடையில் ஒரு கட்சி, ஓசியில் வந்தவன் எல்லாம் உதவாக்கரை என்று தீர்ப்பெழுதிவிட்டது. இதை நான் ஒப்ப மாட்டேன். இத்தாலிக்காரர் பிர்லோ 2011-இல் மிலான் அணியை விட்டு யுவென்டஸுக்கு வந்ததும் அப்படித்தான், அவருக்கும் அப்போது வயது 32. முதல் சீசனில் லீக்கில் 38 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை. இருந்த நாலு வருடமும் லீக் பட்டம். அதே வயது, அதே 'இலவசம்'. ஆனால் யுவென்டஸில் நடுக்களத்திலிருந்து ஆட்டத்தை நடத்த ஆள் தேவைப்பட்டது. ஆர்சனலுக்கு வில்லியன் ஆடும் விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், பத்தொன்பது வயது சாக்கா கையிலேயே இருந்தார். 2020 டிசம்பர் 26 அன்று சாக்கா, ஸ்மித் ரோ, மார்ட்டினெல்லி என்று இளசுகளை இறக்கித்தான் செல்சியை 3-1 என்று ஜெயித்தார்கள்.

ஐரோப்பாவைச் சொல்கிறேனே, எங்கள் தெரு அணியும் இதையே செய்தது. தடைக்காலப் போட்டிக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேர். எந்த அணியிலும் இல்லாதவர்கள், பேரம் பேச வேண்டியதில்லை என்று பெருமை வேறு. பஸ் காசு, தங்க இடம், பிரியாணி, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைச்செலவு. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஒருவருக்கு பூட்ஸ்கூட நாங்கள்தான் இரவல் வாங்கிக் கொடுத்தோம். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம். இடது விங்கில் ஆடிக்கொண்டிருந்த எங்கள் பையன் அன்று வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தான். இப்போது பக்கத்து ஊர் சட்டையில் ஆடுகிறான். அவனும் இலவசமாகத்தான் போனான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டியல் போடும்போது 'இலவசம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, வயது, எத்தனை வருட ஒப்பந்தம், அந்த இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார் என்று மூன்று கட்டம் போடுங்கள். சம்பளம் உறுதியாகத் தெரிந்தால் அதையும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை இதழில் வரட்டும். சனிக்கிழமை வந்தால் படிக்க இங்கே ஆள் இருக்காது.

தங்கள் வாசகன்,
தங்கச்சிமடம்,
இராமநாதபுரம் மாவட்டம்