தென்சிகரத்துத் துறவியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அயர்லாந்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நான் கார்க் நகரில் வேலை பார்க்கிறேன், இரண்டு வருடம் முன்னால் அங்கே போய் வந்தவன், அதனால் ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். பாதிக் கட்டுரை ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்பு, மீதிப் பாதி பஃபின் பறவைகள். பறவைகள் அழகுதான், 2014-இல் அங்கே படம் எடுத்ததும் உண்மைதான். ஆனால் அந்தத் தீவிலேயே பெரிய அதிசயத்துக்கு ஒரு வரிகூட இடம் கிடைக்காமல் போனதில் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அயர்லாந்தின் தென்மேற்கில் உள்ள கெர்ரி கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவில் செங்குத்தாக நிற்கும் பாறை அது. இரண்டு சிகரங்கள். வடகிழக்கில் இருப்பதில்தான் கட்டுரையில் சொன்ன பழைய கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருக்கிறது. அறுநூறு கல்படி ஏறிப் போனால் தேன்கூடு மாதிரி ஆறு கல் அறைகள். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், கல்லுக்குக் கல் நடுவில் சாந்தே கிடையாது, ஒவ்வொரு பலகைக் கல்லும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பெய்கிற மழை உள்ளே இறங்காமல் வெளியே வழிந்துவிடும். வெளியே காற்று ஆளைத் தள்ளுகிறது, குனிந்து உள்ளே நுழைந்ததும் சத்தமே அடங்கிப்போகிறது. ஆயிரம் வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. சரி, இது கட்டுரையிலும் ஓரளவு வந்திருந்தது.

வராமல் போனது தென்சிகரம். கடல் மட்டத்திலிருந்து 218 மீட்டர். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு துறவி தனியாக இருந்த குடிலின் மிச்சம் இருக்கிறது. அங்கே போக "ஊசியின் காது" என்று சொல்கிற பாறை வெடிப்புக்குள் கை கால்களை ஊன்றி மேலே ஏறவேண்டும். அதைத் தாண்டினால் பாறை விளிம்பில் மதில் எழுப்பி உண்டாக்கிய மூன்று தளங்கள். ஒன்று தோட்டத்துக்கு. இன்னொன்றில் சின்ன ஜெபக்கூடத்தின் அடித்தளம், பக்கத்திலேயே மழைத்தண்ணீர் வந்து சேரும்படி பாறையில் குடைந்த தொட்டிகள். அங்கே ஊற்று கிடையாது, மழை இல்லாவிட்டால் குடிக்கத் தண்ணீரும் இல்லை. மூன்றாவது தளம் நேராகக் கடலைப் பார்த்துத் தொங்குகிறது.

இந்தக் குடிலைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு முதலில் வந்த கேள்வி, ஏற்கனவே உலகத்தை விட்டு ஒதுங்கி நடுக்கடல் பாறைக்கு வந்தாயிற்றே, அதற்கும் மேல் எதற்குத் தனிமை என்பதுதான். எகிப்தின் பாலைவனத்துக்குப் போன ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள்தான் இந்தத் தீவின் துறவிகளுக்கு முன்மாதிரி. அயர்லாந்தில் மணல் பாலைவனம் ஏது, கடலையே பாலைவனமாக எடுத்துக்கொண்டார்கள், பாலைவனத்துக்கான லத்தீன் சொல் இன்றும் "டிசர்ட்" என்று ஐரிஷ் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் இன்னொன்று தோன்றியது. செங்குத்துப் பாறையில் கல் சுமந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மதில் கட்டுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. கீழே மடத்தில் இருந்தவர்களும் கூட வந்து கல் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் தனியாக இருப்பதற்காக இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த நட்பை என்னவென்று சொல்வது! அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தென்சிகரத்துத் துறவியின் பெயர் தெரியாது. ஆனால் அதே ஸ்கெல்லிக்கைச் சேர்ந்த எட்கல் என்பவரின் பெயர் ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகளில் 824-ஐ ஒட்டி வருகிறது. வைக்கிங் கொள்ளையர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பசியிலும் தாகத்திலும் இறந்தார் என்று ஒரே வரி. மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பிழைத்த தீவின் மனிதர் தாகத்தால் செத்தார் என்று படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

தென்சிகரத்தில் ஏறப் பயணிகளுக்கு அனுமதி இல்லை, அது நியாயம், ஒரு கல் புரண்டாலும் போனது போனதுதான். நானும் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. இரண்டு சிகரங்களுக்கு நடுவில் "கிறிஸ்துவின் சேணம்" என்ற பள்ளம் இருக்கிறது. கூட்டம் முழுக்க அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி மடத்துக்குப் போகும், உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் போயிருப்பார். இடப்பக்கம் பார்த்து அவர் எடுத்த படம் ஏதாவது இருந்தால், இந்தக் கடிதத்தோடு சேர்த்து அடுத்த இதழில் தயவுசெய்து போடுங்கள்.

அன்புடன்,
கார்க்கிலிருந்து ஒரு வாசகன்