தொட்டில் சேலையும் பாச்சை உருண்டையும்

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு மூட்டுவலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

தொட்டில் கட்டப் பழைய சுங்குடிச் சேலை எடுத்து வைக்கச் சொன்னாயே, பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. அப்பத்தா மடிப்புக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறார். போடும்போது கோலிக்குண்டு அளவு இருந்தவை இப்போது பட்டாணி அளவில் கிடந்தன. மீதியெல்லாம் ஆவியாகித் துணியில் ஊறிவிட்டது. அது நாப்தலீன், தாயி.

ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைவு, ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அந்தப் பிள்ளை நாப்தலீனைச் சுவாசித்தாலோ அது ஊறிய துணியில் படுத்தாலோ அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும். அளவு மீறினால் மூளையையே தாக்கும். எண்ணெய் தேய்த்த உடம்பு என்றால் தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகுமாம். நம் வீட்டில் எண்ணெய் தேய்க்காமல் எந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறோம்? அந்த நொதிக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிறந்ததும் பார்த்துவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் இப்போதே கேட்டு வை.

சேலைகளைத் துவைத்து மொட்டைமாடியில் நாள் முழுக்கக் காயப்போட்டேன். மதுரை வெயிலுக்கே அந்த வாடை மசியவில்லை. அவற்றை நானே கட்டிக்கொள்கிறேன். பெட்டிக்குள் போகாமல் தினம் உடுத்தி நைந்த சேலைகள் கொடியில் இருக்கின்றன, தொட்டிலுக்கு அவைதான் மெத்தென்று இருக்கும். பெட்டியில் இனி காய்ந்த வேப்பிலையும் வசம்பும்தான். அதற்காக வசம்பை உரைத்துப் பிள்ளை நாக்கில் தடவ யாரையும் விடமாட்டேன். நாட்டு மருந்து என்றாலே நல்லது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968லேயே தடை போட்டுவிட்டார்கள்.

உன் அப்பா சிகரெட்டைத் தொட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டே ராத்திரி கொசுவர்த்தி ஏற்றுவார். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஒரு ஆய்வைப் படித்துக் காட்டினேன். மறுநாளே கொசுவலை வந்துவிட்டது.

கண்மை விஷயத்தில்தான் அப்பத்தாவோடு மல்லுக்கட்டு. கடை மை, சுருமா சிலவற்றில் ஈயம் இருக்கிறது. பிள்ளை கண்ணைக் கசக்கி அதே விரலைச் சூப்பினால் நேரே வயிற்றுக்குள். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஒரு அளவே கிடையாது. வீட்டில் விளக்கில் எடுத்த மையை உள்ளங்காலில் ஒரு பொட்டு, கண்ணுக்குள் எதுவும் கிடையாது என்று பேசி முடித்திருக்கிறேன். இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், உன் நாத்தனார் கொடுத்த அந்தச் சிவப்பழகு கிரீம். டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறது, யார் தயாரித்தது என்று ஒரு வரிகூட இல்லை என்றாய். இந்த மாதிரி கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2023இல் இப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து அது செய்தியாகவே வந்தது. உனக்குள் போவது வயிற்றுப்பிள்ளைக்கும் போகும். அவள் மனம் நோகுமே என்று பார்க்காதே. நம் வீட்டுப்பிள்ளை எந்த நிறத்தில் பிறந்தால் என்ன?

வைகை எக்ஸ்பிரஸில் வருகிறாயா, காரிலா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். ரயில் என்றால் அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். கிரீம் டப்பா மட்டும் பையில் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா