என்னை எழும்ப விடாதவர்களுக்கு

கல்லடி, மட்டக்களப்பு
வைகாசி மாதம்

அன்பானவர்களுக்கு,

இந்த மடலை எழுதச் சொல்லி அம்மா மூன்று மாதமாக நச்சரிக்கிறார். "செய்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம குளிர்த்திக்குப் போய் கண்ணகி அம்மனுக்கு முன்னால எப்படிகா நிப்பாய்?" என்று காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம். அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்குக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. அதனால் உட்கார்ந்துவிட்டேன். பெயர்கள் போடவில்லை. போட்டால் ஒருவரை விட்டுவிடுவேன், விட்ட அந்த ஒருவர் அம்மாவிடம் சட்டை தைக்கிறவராகத்தான் இருப்பார்.

ஊரில் பலருக்கு நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதே முழங்கால் அடிபட்ட பிறகுதான் தெரிய வந்தது. கிக்பொக்சிங். பார்க்க வந்த ஒரு மாமி கட்டிலில் இருந்துகொண்டு, "சண்டை பிடிக்கிறதுக்கும் காசு குடுக்கிறாங்களா புள்ள?" என்று கேட்டார். குடுக்கிறார்கள் மாமி. காலுக்கு ஏதும் நடந்தால்தான் குடுக்க மாட்டார்கள்.

நடந்தது போன வருடம் மாசியில். பயிற்சி மண்டபத்தில், வாரக் கடைசி ஸ்பாரிங், அதாவது பழகுகிற சண்டை. வலது காலால் சுழற்றி உதைக்கும்போது கீழே நிற்கிற இடது பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். அன்றைக்கு விரிப்பு புதிது, பாதத்தைப் பிடித்துக்கொண்டது. உடம்பு கிறுகியது, பாதம் கிறுகவில்லை. இரண்டுக்கும் நடுவில் முழங்கால். காய்ந்த தென்னை மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். எதிரே நின்ற ஏறாவூர்த் தங்கச்சிக்கும் அது கேட்டது. அவளுடைய கையோ காலோ என்னில் படவே இல்லை. இருந்தும் தன்னால்தான் ஆனது என்று பல வாரம் அழுதிருக்கிறாள், அவளுடைய உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கச்சி, திரும்பவும் எழுதுகிறேன்: உன்னால் இல்லை. அந்த விரிப்பாலும் என் அவசரத்தாலும்தான்.

அவசரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அன்றிரவே முழங்கால் இளநிக் குரும்பை மாதிரி வீங்கியும் நான் யாரிடமும் ஒழுங்காகக் காட்டவில்லை. எண்ணெய் போட்டு உருவினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒருவர், "எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குத்தான்" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போகட்டும். இரண்டு வாரத்தில் வீக்கம் வற்றியது, நடந்தேன், கயிறு கூட அடித்தேன். பிறகு ஒரு நாள் பஸ்ஸால் இறங்கும்போது, தொடை ஒரு பக்கமும் கணுக்கால் ஒரு பக்கமும் போன மாதிரி கால் கழன்றது. பின்னால் இறங்கின ஒரு பெரியவர் என் புத்தகப்பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் தெருவில்தான். ஐயா, நீங்கள் யார் என்று தெரியாது. அந்தப் பையின் பட்டி அறுந்துபோனது, நான் அறுந்துபோகவில்லை.

அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ. ஏசிஎல் என்கிற நார் முழுதாக அறுந்திருந்தது. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, மூட்டுக்கு உள்ளே சரிவாக ஓடுகிற கட்டு அது. முழுதாக அறுந்தால் தானாகப் பழைய மாதிரி ஒட்டுவது அரிது. பக்கத்தில் இருக்கிற சவ்வும் கிழிந்திருந்தது. அடிபட்ட நாளிலிருந்து 11 வாரம் வீணாகியிருந்தது. நேரத்தோடு காட்டியிருந்தால் சவ்வாவது தப்பியிருக்கலாம்.

இனிக் காசு. ஸ்கேன், கொழும்புப் பயணம், எலும்பில் வைக்கிற ஸ்க்ரூவும் பட்டனும் என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது. என்னோடு படித்தவர்கள் கட்டாரிலும் சுவிசிலும் கனடாவிலும் இருந்து சேர்த்தார்கள். ஒருத்தி அனுப்பியது இரவு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. "வெண்டால் திருப்பித் தா, தோத்தால் தர வேணாம்" என்று எழுதி அனுப்பியிருந்தாள். எல்லாம் முடிந்து 38,500 ரூபாய் மிஞ்சியது. உங்களிடம் கேட்டுவிட்டு, பந்தடித்து முழங்காலை முறித்துக்கொண்ட ஆரையம்பதித் தம்பி ஒருவனின் ஸ்கேனுக்குக் கொடுத்துவிட்டேன். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஒபரேஷனுக்கு முன்னால் ஆறு வாரம் பிசியோ அண்ணன் என்னை வேலை வாங்கினார். வீங்கின, மடங்கின காலில் வெட்டினால் பிறகு அது நிமிராது, முதலில் நேராக்கு என்றார். கொழும்பில் டொக்டர் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், என் தொடையின் பின்பக்கத்தில் இருந்தே இரண்டு நாரை எடுத்து, மடித்துத் தடிப்பாக்கி, எலும்பில் துளை போட்டு, அறுந்த நார் இருந்த இடத்தில் இழுத்துக் கட்டினார். அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் தயங்கினேன். அப்பா வாவியில் தோணி விடுகிற ஆள், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கயிறு புதுசு, சரி. துளைக்குள்ள அது ஊறிப் பிடிக்க எவ்வளவு நாள்?" பிசியோ அண்ணன் பிறகு அரை மணித்தியாலம் சொன்னதும் அதே சங்கதிதான். நார் எலும்போடு ஒட்டவே இரண்டு மூன்று மாதம் போகும். அந்தக் காலத்தில்தான் நோ குறைந்து, ஆளுக்குத் தைரியம் கூடும், அதே காலத்தில்தான் புது நார் ஆகவும் பலவீனமாக இருக்கும்.

திரும்பி வந்தது உதயதேவி ரயிலில். கால் பட்டையோடு நீட்டினபடி, மடக்க முடியாது. எதிர் இருக்கையில் ஒரு சிங்களப் பெரியவர். என் காலைப் பார்த்தார், எழும்பினார், தன் இருக்கையைக் காட்டினார், வெலிக்கந்தை வரை தன் சாக்குப் பையின் மேல் குந்தியிருந்து வந்தார். இரத்தம் கட்டிவிடாமல் மணிக்கொரு தரம் பாதத்தை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் தூங்கிப்போனால் அவர் என் பெருவிரலைத் தட்டி எழுப்பினார். அம்மா சைகையால் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். இந்த மடல் அவர் வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறது. அவரை அறிந்தவர் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்றை யாருமே யோசிக்கவில்லை என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் குந்துகிற கக்கூஸ். மடங்காத காலோடு குந்துவது எப்படி? பக்கத்து வீட்டு மேசன் மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து, நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, விளிம்பை நெருப்பில் உருக்கி மழுக்கி, ஒன்றும் பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்த எல்லா உதவியிலும் மானத்தைக் காத்தது அதுதான். மாமா, உங்களுக்கு இதை எழுத வெட்கம், எழுதாமல் விட மனமில்லை.

நாவற்குடா ஓட்டோ அண்ணன் பின் இருக்கையில் குறுக்கே பலகை போட்டுத் தலையணை கட்டி, வாரத்தில் மூன்று நாள் என்னைப் பிசியோவுக்கு ஏற்றிப்போனார். பள்ளம் வரும் இடமெல்லாம் முதலே சொல்வார். காத்தான்குடி ராத்தா வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுக்கால் சூப் கொடுத்துவிட்டார். எலும்புச் சூப்பு குடித்தால் நார் வளருமா என்று பிசியோ அண்ணனிடம் கேட்டேன். "நார் வளருதோ இல்லையோ, நீ வளர்றாய்" என்றார்.

ஆனால் உண்மையில் எனக்கு வளராமல் இருந்தது தொடைதான். ஒபரேஷன் முடிந்து முதல் கிழமை, குதிகாலுக்குக் கீழே சுருட்டின துவாயை வைத்து, தொடைச் சதையை இறுக்கு என்றார்கள். நான் இறுக்கினேன். சதை அசையவில்லை. என் கால், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்கிறேன், கேட்கவில்லை. மூட்டு வீங்கியிருந்தால் மூளை அந்தச் சதையை அணைத்து வைத்துவிடுமாம். ரிங்குக்குள் நான் அழுததில்லை, அந்தத் துவாய்க்கு முன்னால் அழுதேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தையல் மெசினில் இருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். முழங்கால் சிரட்டைக்கு மேல் 15 சென்ரிமீற்றரில் பேனையால் ஒரு கோடு, அந்த இடத்தில் சுற்றளவு. வலது 51, இடது 46. அதைத் தன்னுடைய அளவுக் கொப்பியில், யாரோ ஒருவரின் கைநீளத்துக்கும் கழுத்துக்கும் கீழே எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும். 46. 46. 45 அரை, அன்றைக்கு மட்டும் நாடாவை மடித்துவிட்டு எனக்குச் சொல்லாமல் எழுதினார். பிறகு 46 அரை. ஊரின் சட்டை அளவுகளோடு சேர்ந்து என் தொடை மெல்ல மெல்ல ஏறியது.

தையல் காயம் நன்றாக ஆறின பிறகு அப்பா என்னை வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கவிட்டார். தண்ணீர் பாரத்தைத் தாங்கும், முழங்காலுக்கு இதம். எங்கள் வாவியில் முதலையும் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா தோணியில் நின்று, சவள் துடுப்பை நட்டுப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். என் நடை நேராக இருக்கிறதா என்று கேட்டால், "எனக்கு வேறு வேலை இருக்கு மகள்" என்பார். ஊன்றுகோல் இல்லாமல் கல்லடிப் பழைய பாலத்தைக் கடந்த அன்றைக்கு, அம்மா இரண்டு கோலையும் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

இனித்தான் கஷ்டமான பகுதி.

ஒபரேஷன் முடிந்து ஏழாம் மாதம் எனக்கு ஒரு சண்டை வந்தது. நல்ல காசு, வெளிநாடு. கால் நோகவில்லை, ஓடினேன், குத்தினேன். எனக்குப் பயிற்சி தருகிற மாஸ்டரிடம் சொல்லலாம் என்று போனால், அவர் முதல் நாளே கூப்பிட்டவர்களிடம் தொலைபேசியில் "அவ இன்னும் சரியில்ல" என்று சொல்லி முடித்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என்னுடைய கால், என்னுடைய சம்பாத்தியம், நீங்கள் யார் என்று கத்தினேன். மூன்று கிழமை அவரோடு பேசவில்லை. அம்மா கையுறைகளை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததும் அப்போதுதான். (தெரியும் அம்மா. எலி கடித்திருந்தது.)

பிசியோ அண்ணன் சத்தம் போடவில்லை. தன் போனில் ஒன்றைக் காட்டினார். ஏசிஎல் ஒபரேஷன் செய்த விளையாட்டுக்காரரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வு. 9 மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடும்போது மறுபடி காயப்படுவது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. அதோடு, நாள் மட்டும் போதாது, கெட்ட காலின் பலம் நல்ல காலில் 90 வீதமாவது இருக்க வேண்டும். என்னுடையது அன்றைக்கு 78. அப்புறம் மாஸ்டர், பேசாமல் இருந்த நாட்களிலேயே, ஏறாவூர்த் தங்கச்சியிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்துவிட்டார். அதில் எம்.எம்.ஏ என்கிற கலப்புச் சண்டையின் பட்டக்காரர் இரண்டு பேரின் பெயர். ஜோர்ஜ் சென் பியர்: 2011 டிசம்பரில் ஏசிஎல், 2012 நவம்பரில் மொன்றியலில் திரும்பினார், மூன்றாம் சுற்றில் தலையில் உதை வாங்கி விழுந்தும் எழும்பி வென்றார். டொமினிக் குரூஸ்: வைத்த நார் பிடிக்காமல் திரும்ப ஒபரேஷன், பிறகு மற்ற முழங்காலும் போய், 2016 ஜனவரியில்தான் பட்டத்தை மீட்டார். கீழே மாஸ்டரின் கோணல் எழுத்தில்: "உனக்கு எது வேணும்?"

மாஸ்டர், அன்று கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள், அதனால் ஊர் பார்க்க எழுதுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து "எழும்பு, எழும்பு" என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். இரு என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் சோதனை. ஒற்றைக்காலால் பாய்ந்து எவ்வளவு தூரம், மூன்று தரம் தொடர்ந்து எவ்வளவு தூரம், பாரம் எவ்வளவு. 94 வீதம். அம்மாவின் கொப்பியில் இடது 50 அரை. மற்ற அரைச் சென்ரிமீற்றர் வரும், குளிர்த்திச் சட்டைக்காரர் கூடிவிட்டதால் போன ஞாயிறு அளக்க அவருக்கு நேரமில்லை.

ஊன்றுகோல்கள் நாவற்குடா அண்ணனின் ஓட்டோவில் இருக்கின்றன. அவை நொச்சிமுனையில் காலமான ஒரு தாத்தாவுடையவை, அவர் வீட்டார் திருப்பி வேண்டாம் என்றார்கள். உயரம் மாற்றலாம், அடி றப்பர் புதிது. தேவையானவர்கள் அண்ணனிடம் கேட்டு வாங்கலாம். ஓட்டை வெட்டின கதிரையும் வீட்டில் கழுவித்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை, 15 மாதத்துக்குப் பிறகு, மாஸ்டர் எனக்குப் பேட் பிடித்தார். "வலது உதை, பத்துத்தான்" என்றார். ஏறாவூர்த் தங்கச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் இருந்து எண்ணினாள். இடது பாதம் விரிப்பில் திரும்புகிறதா என்று முதல் இரண்டு உதைக்கும் குனிந்து பார்த்தேன், மூன்றாவதிலிருந்து பார்க்கவில்லை. பத்து வந்ததும் நின்று, எலி கடித்த கையுறையைக் கழற்றினேன்.

"பதினொண்டு கேப்பாய் எண்டு நினைச்சன்" என்றார் மாஸ்டர்.

"நாளைக்கு" என்றேன்.

"நாளைக்கு ஓய்வு" என்றார்.

நன்றியுடன்,
கல்லடித் தையல்காரம்மாவின் மகள்