கலைவாணரின் பாட்டும் பேச்சும் அழிந்துபோகாமல் காக்க உதவுங்கள்

ஊர்க்காரர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே சினிமா பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், அடியில் வேட்டித் துணியில் சுற்றிய நான்கு இசைத்தட்டுகள். 'நல்லதம்பி' பாட்டுப் புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு தாள் விரலிலேயே பொடிந்தது. தீண்டாமைக்கு ஆளான பையன் படித்து அதிகாரியாகிற கிந்தனார் கதையைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காலட்சேபமாகப் பாடிய படம் அது, 1949இல் வந்தது. தட்டுகளில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. மூன்று ஓடும்.

கலைவாணர் 1908இல் இதே ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகனாகி, 1936இல் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தார். வில்லுப்பாட்டு நம் கோயில் கொடைகளில் கேட்டுப் பழகியதுதான். அதைச் சென்னை மேடைக்கும் கொண்டுபோனார். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 1947இல் விடுதலையானார். அந்த நாட்களில் நாடகக் குழுவைக் கலையவிடாமல் காத்தவர் அவர் மனைவி, நடிகை டி.ஏ. மதுரம் அம்மா. அவரைப் பற்றி நாம் பேசுவது ரொம்பக் குறைவு. அதனால் அவர் பாடியதையும் நடித்ததையும் சேர்த்தே தேடுகிறோம்.

இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து, தட்டுகளைக் கணினியில் பதிந்து, யாரும் வந்து கேட்கும்படி ஊரில் ஓர் அறையில் வைக்க வேண்டும். பழைய புத்தகத்தை அழுத்தாமல் மேலிருந்தே படமெடுக்கும் ஸ்கேனர் வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பிளேயரும் அதற்கென்றே தனி ஊசியும் வேண்டும். இப்போதைய ஊசி அந்தத் தட்டின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாது. அப்புறம் அமிலமில்லாத உறைகள், ஓர் இரும்பு அலமாரி. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் எழுதி அறை வாசலில் ஒட்டுவோம்.

பணம் முடியாதவர்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். பாட்டுப் புத்தகமோ, நோட்டீஸோ, தட்டோ இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நாங்களே வந்து வாங்கி, பதிவு செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். தாள் ஒட்டியிருந்தால் நீங்களாகப் பிரிக்க வேண்டாம், தட்டை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்.

நவம்பர் 29, கலைவாணர் பிறந்த நாள். அன்று மாலை அந்த மூன்று தட்டுகளையும் எல்லோரும் கேட்கப் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அக்டோபர் முடிவதற்குள் உங்கள் பங்கு வந்தால் வேலை நடக்கும். குழுவில் தெரிந்தவர் யாரிடமும் கொடுக்கலாம், ரசீதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கலைவாணர் ஆவணச் சேகரிப்புக் குழுவினர்,
நாகர்கோவில்