தூத்துக்குடியில் மூன்று நாள் தங்குங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன்னோடு வேலை பார்க்கும் தோழி, அவள் வீட்டுக்காரர், பிள்ளை எல்லாரும் ஆகஸ்டில் உங்களோடு வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டம்தான் மனசுக்கு ஒப்பவில்லை. காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவது, வீட்டில் குளித்துச் சாப்பிடுவது, மதியமே கார் பிடித்துத் திருச்செந்தூர், ராத்திரி கன்னியாகுமரி. "நம்ம ஊர்ல பார்க்க என்னப்பா இருக்கு?" என்று நீயே கேட்கிறாய். இதைப் போனில் பேசினால் பாதியில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நல்ல இடமெல்லாம் ஆட்கள் வேலை செய்கிற இடம். டிக்கெட் கொடுத்து எந்த நேரமும் உள்ளே விடுகிற சங்கதி கிடையாது. உப்பளத்துக்கு ஒரு நேரம், மீன் ஏலத்துக்கு ஒரு நேரம், மாதா கோயிலுக்கு ஒரு நேரம். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பீச் ரோட்டில் காரை நிறுத்திப் பார்த்தால் வெயிலும் லாரியும்தான் தெரியும். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிகள் பலபேரை நான் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். நேரம் பார்த்துக் கூட்டிப்போனால் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

முதல் நாள் விடியற்காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுங்கள். ஆகஸ்ட் என்றால் நல்ல சீசன். வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தால்தான் உப்பு விளையும். கடல் தண்ணீரையும் நிலத்துக்கு அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரையும் பாத்திகளில் விட்டு, ஒவ்வொரு பாத்தியாகக் கெட்டிப்படுத்தி, கடைசிப் பாத்தியில் உப்பு படிந்ததும் வாருவார்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது இங்கேதான். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணில் தாங்காது என்பதால் இருட்டோடு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். தலையில் சும்மாடு வைத்து உப்புக் கூடை சுமக்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்று தோழியிடம் சொல்லிவிடு. கேட்டால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். அந்தக் கூலிக்கு அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதையும் அவர்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடு. பூனாவில் அவன் சாப்பிடும் உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கும் தெரியட்டும். வரப்பு ஓரம் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருப்பதைப் பார்த்தால் அவனே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவான்.

அங்கிருந்து நேராகத் திரேஸ்புரம். நாட்டுப்படகும் வள்ளமும் கரைக்கு வருகிற நேரம். விளைமீன், பாறை, ஊளி எல்லாம் மணலிலேயே கொட்டி ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுகிறவர் பேசும் வேகம் எனக்கே பாதிதான் பிடிபடும். சங்குகுளிக்கப் போகிறவர்களையும் அங்கே பார்க்கலாம். கடலடிக்குப் போய்ச் சங்கு எடுத்து வருகிறவர்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய், கல்யாணமான பெண்கள் கையில் வளையலாகிறது. உன் தோழி கல்கத்தாக்காரி என்றாயே, அவள் அம்மா கையில் கிடக்கும் சங்கு வளையல் நம் கடலிலிருந்து போனதாகவும் இருக்கலாம். இதை அவளிடம் மறக்காமல் சொல்லு.

முத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ரயிலுக்கே முத்துநகர் என்று பெயர் வைத்துவிட்டு முத்து எங்கே என்றால் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லு. கடலுக்குள் முத்துச்சிப்பி கிடக்கும் பார்களை நம்பித்தான் பாண்டியன் காலத்திலிருந்து இந்தக் கரை வாழ்ந்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்ததும் அதற்காகத்தான். 1658 இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் 1750 இல் கட்டிய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அரசாங்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961 இல். அதற்குப் பிறகு சிப்பி விளைச்சல் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. ஆனால் 1973 இல் இந்தியாவிலேயே முதல்முறையாகச் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது நம் ஊர் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். கடைகளில் முத்துமாலை வாங்கச் சொல்லாதே. பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதுதான்.

நீங்கள் வருகிற வாரம் மாதா கோயில் திருவிழா. இதற்காகவே நான் தேதியைப் பார்த்துக் குதித்தேன். ஜூலை 26 இல் கொடியேற்றி ஆகஸ்ட் 5 இல் முடியும். நாம் அந்த மதமில்லை, ஆனாலும் உன் ஆச்சி காலத்திலிருந்து திருவிழாவுக்குப் போகாத வருஷம் கிடையாது. ஊரில் எல்லாருமே அப்படித்தான். 5 ஆம் தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பரதவ மக்கள் 1530களில் கிறிஸ்தவம் தழுவியவர்கள், சவேரியார் 1542 இல் வந்தார், இப்போதுள்ள கோயில் 1713 இல் எழும்பியது, 1982 இல் அது பசிலிக்கா ஆனது. மாதா சொரூபம் கப்பலில் வந்ததாக அவர்கள் மரபில் சொல்வார்கள். 5 ஆம் தேதி ராத்திரி சப்பரப் பவனி. தங்கத்தேர் எல்லா வருஷமும் வராது. கோயிலின் 300 ஆம் ஆண்டுக்காக 2013 இல் இழுத்தார்கள், அப்புறம் 2023 இல். 2023 இல் நீ வரவில்லை. கூட்டத்தில் உன் அம்மா வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். இந்த முறை சப்பரத்தையாவது பாருங்கள். கூட்டத்துக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், சின்னவனை நான் தோளில் தூக்கிக்கொள்கிறேன். திருவிழாக் கடைகளையும் விட வேண்டாம். மறுநாள் காலையில் கூட்டம் குறைந்ததும் சங்கரராமேஸ்வரர் கோயிலுக்கும் பக்கத்துப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு நடை போய் வரலாம்.

பழைய துறைமுகத்துப் பக்கம் சாயங்காலம் போங்கள். தோணிகள் நிற்கும். இங்கிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப்போகிற மரக்கலங்கள் இவை. ஆகஸ்ட் காற்றுக் காலம், அதனால் பெரும்பாலும் கரையில் கட்டிக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அதுவே நல்லது, மரவேலை நன்றாகத் தெரியும். உள்ளே போக அனுமதி வேண்டும், அதை நான் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். அங்கே நின்றுதான் வ.உ.சி. கதையைச் சொல்ல வேண்டும். 1906 இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி, கொழும்புக்கு ஓட்டிக் காட்டியவர். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1914 இல் ராமேஸ்வரம் பக்கம் பாதை மாறும்வரை இதுதான் வழி. அப்படியொரு வழியில் போய் வெள்ளைக்காரனோடு போட்டி போட்டார் என்றால் எவ்வளவு துணிச்சல்! 1908 இல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார், அதே வருஷம் சிறைக்குப் போனார், கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். கப்பலும் போய், சொத்தும் போய், 1936 இல் இந்த ஊரிலேயே காலமானார். ஒரு கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவாக எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியும் பக்கம்தான். கட்டபொம்மன் கோட்டை என்று இப்போது நிற்பது 1974 இல் அரசு கட்டியது. பழைய கோட்டையை வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். நேரமிருந்தால் இன்னும் தள்ளிப்போய் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும் பார்த்துவிடலாம்.

முயல் தீவு பிள்ளைக்குப் பிடிக்கும். துறைமுகத்துக்காகப் போட்ட பாதை வழியாகக் காரிலேயே போய்விடலாம், தண்ணீரும் ஆழம் குறைவு. மற்றத் தீவுகளில் இறங்க முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 இலிருந்து தேசியப் பூங்கா. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. நம் ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. இப்போது அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றி வருகிறார்கள். தோழி வீட்டார் படகில் போகக் கேட்டால் இந்த விஷயத்தைச் சொல்லித் தடுத்துவிடு. தள்ளி நின்று பார்த்தால் போதும்.

மூன்றாம் நாளைக் கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் வைத்துக்கொள்ளலாம். கொற்கையில் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வயலும் வாழையும் ஒரு கிழட்டு வன்னிமரமும்தான். ஆனால் சங்கப் பாட்டில் முத்துக்குப் பேர்போன பாண்டியன் துறைமுகம் அதுதான். தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கொற்கை தூர்ந்த பிறகு காயல், அதுவும் தூர்ந்த பிறகுதான் தூத்துக்குடி எழுந்தது. வயல் நடுவில் நின்றுகொண்டு, "இங்கே கப்பல் நின்றது" என்று சொன்னால் அந்தப் பையன் முகத்தைப் பார். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளுக்கு மேலே கண்ணாடி பதித்து, பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அதில் எனக்கு ரொம்பத் திருப்தி. 1876 இலும் அதற்குப் பிறகும் தோண்டி எடுத்த பொருட்கள் பலவும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. இப்போதாவது மண்ணின் சொத்து மண்ணிலேயே இருக்கிறது.

திருச்செந்தூரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொற்கை முடித்து அப்படியே போய்விடலாம். மணப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை கோயில், கீழே சவேரியார் தங்கிய குகை, மூன்று பக்கமும் கடல். வழியில் உடன்குடிக் கருப்பட்டி வாங்குங்கள், அம்மாவுக்கும் ஒரு கிலோ.

சாப்பாடு அம்மா பொறுப்பு. ஒருநாள் ராத்திரி மட்டும் வெளியே புரோட்டா, சால்னா. மக்ரூனை ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் வாங்கினால் போதும். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். டப்பாவில் அடைத்து, மூடியில் டேப் ஒட்டச் சொல்லு.

இன்னொன்று. வெளியூர்க்காரர்கள் பலருக்கு நம் ஊர்ப் பெயர் 2018 மே 22 செய்தியாகத்தான் தெரியும். தோழி கேட்டால் பேச்சை மாற்றாதே. 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், ஸ்டெர்லைட் தாமிர ஆலையால் தண்ணீரும் காற்றும் கெடுகிறது என்று பயந்து தெருவில் இறங்கிய ஜனங்கள் என்று சொல்லு. அதுவும் இந்த ஊர்தான். ஊரைக் காட்டுவது என்றால் இதையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

கன்னியாகுமரிக்கு ஒருநாள் ஒதுக்கினால் போதும், சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். மாப்பிள்ளையிடம் பேசி லீவை இரண்டு நாள் கூட்டப் பாருங்கள். திருவிழா சமயம் முத்துநகரில் இடம் கிடைப்பது கஷ்டம், டிக்கெட்டை இந்த வாரமே போட்டுவிடு. லாட்ஜ் எதுவும் பார்க்க வேண்டாம், மாடி அறையை வெள்ளையடித்து வைக்கிறேன். உன் தோழி மீன் சாப்பிடுவாளா, பையனுக்குக் காரம் ஆகுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதில் போடு.

அன்புடன்,
அப்பா