கம்பி வேண்டாம் மக்கா

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுதேன்.

நேத்து நீ கோவத்துல பேசும்போது நான் ஒண்ணும் சொல்லாமப் போனை வச்சிட்டேன். போன்ல சொன்னா வாக்குவாதமாப் போயிரும். அதான் எழுதுதேன்.

மேக்க காட்டோரமா நின்ன ஏத்தன் வாழையில 43 போச்சு. காட்டுப்பன்னி மரத்தை முட்டித் தள்ளல. மூட்டு மண்ணைக் கிண்டி, கிழங்கைத் தின்னுட்டுப் போயிருக்கு. வாழை தாரோட அப்படியே நிக்குது, கையை வச்சா சாயுது. ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டு வரப்புலயே உக்காந்துட்டேன்.

"மெயின் கரண்டுல இருந்து கம்பி இழுத்துரும்மா, ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்"னு சொன்ன. உனக்கு அப்ப நாலு வயசு, ஞாபகம் இருக்காது. உங்க அப்பாவும் அப்படித்தான் ஒரு தடவை இழுத்தாரு. விடியக்காலம் போய்ப் பாத்தா நம்ம செவலைக் கன்னு கிடந்துச்சு. கட்டை அவுத்துக்கிட்டு வந்திருக்கு. வாயில பாதி கடிச்ச புல்லு. அதே வரப்பு வழியாத்தான் உங்க சித்தப்பா மடை திருப்ப வருவாரு. அன்னைக்குக் காய்ச்சல்னு அவரு வரல. உங்க அப்பா கம்பியைச் சுருட்டிக்கிட்டே அழுதாரு. அவரு அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். அதனால அந்தப் பேச்சை இனி எடுக்காதே.

பன்னியைச் சுடலாம்னு கவர்மெண்டே சொல்லியிருக்கேன்னு கேட்டேல்ல? 2025 ஜனவரியில வந்த உத்தரவை நான் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டர் வரைக்கும்னா பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு அங்கிட்டுன்னாத்தான் சுடலாம், அதுவும் வனத்துறைக்காரங்கதான். நம்ம வரப்புல நின்னு கல்லெறிஞ்சாக் காட்டுல விழும். நமக்கு அந்த உத்தரவுல ஒண்ணும் இல்ல.

நட்டஈடு விசயத்துல போன வருசம் தப்பு என்னுதுதான். சாஞ்ச வாழையைப் பாக்கச் சகிக்காம வெட்டி ஒதுக்கிட்டேன். மூணாம் நாள் வனவர் வந்து, "எங்கம்மா சேதம்?"னு கேட்டாரு. காட்ட ஒண்ணுமில்ல. இந்தத் தடவை ஒண்ணையும் தொடல. அன்னைக்கே போட்டோ எடுத்து, பட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோட ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். மனு ரெண்டு பிரதி எழுதி, ஒண்ணுல சீல் வாங்கிக்கிட்டேன். மறுநாளே வந்து எண்ணி எழுதிட்டுப் போனாங்க.

நீ வந்து ரேஞ்சரை நாலு வார்த்தை கேக்கணும்னு சொன்ன. வேண்டாம். தை மாசம் ஆனை இறங்குனப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு வெடியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தது நம்ம பீட்டு வனக்காப்பாளர் தம்பிதான். செருப்பு கூட இல்லாம வந்தாரு. அவரையும் சேர்த்துத் திட்டுனா எனக்குப் பொறுக்காது.

காட்டு மேல எனக்கும் வருத்தம் இருக்கு. 1976-ல சிங்கவால் குரங்குக்காகக் களக்காட்டைச் சரணாலயமாக்குனாங்க. 1988-ல முண்டந்துறையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாச்சு. உங்க தாத்தா தழையும் விறகும் எடுத்த காட்டுக்குள்ள நமக்கு இன்னைக்குக் கால் வைக்க முடியாது. ஆனா பச்சையாத்துத் தண்ணி அந்தக் காட்டுக்குள்ள இருந்துதானே வருது. சித்திரையில நம்ம கிணறு வத்தாம இருக்குன்னா அந்தக் காடு நிக்கிறதாலதான். இதை நான் யாரு சொல்லியும் நம்பல, தினம் வாளி விட்டுப் பாக்கேன்.

சோலார் வேலி போடலாம்னு இருக்கேன். அது விட்டு விட்டுத் துடிப்பாத்தான் அடிக்கும். பன்னி மிரண்டு ஓடும், உசுரு போகாது. அதுக்கும் 2023-ல விதி வந்திருக்கு, காட்டோரத்துல போடணும்னா வனத்துறைகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். புல்லு கம்பியில பட்டாக் கரண்டு மண்ணுக்கு இறங்கிருமாம், வாராவாரம் செதுக்கணும். அதை நான் பாத்துக்கிடுதேன். சித்தப்பாவும் அவரு பக்கத்துக்குப் பாதிச் செலவு ஏத்துக்கிட்டாரு.

கூட்டுப் பட்டாங்கிறதால உன் கையெழுத்து வேணும். வார சனிக்கிழமை நைட்டு பஸ் ஏறு. ஆதார் நகல் ரெண்டு எடுத்துக்கோ. மனுவை எழுதி வச்சிட்டேன், பேரு எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாரு.

அம்மா